சாண எரிவாயுக் கலனில் கூடுதல் பயன் பெறுவது எப்படி?

மாடு வைத்திருக்கும் உழவருக்குச் சாணம் இரண்டு வகையில் உதவுகிறது. எருக்குழியில் இட்டால் வயலுக்கு உரமாகும். வறட்டி தட்டினால் அடுப்புக்கு எரிபொருளாகும். ஆனால் ஒன்றைப் பெற்றால் மற்றொன்றை இழக்க வேண்டும். எரித்த வறட்டியில் உள்ள தழைச்சத்து முழுவதும் புகையோடு போய்விடும், மிஞ்சுவது சாம்பல்தான். எரிபொருளையும் எருவையும் ஒரே சாணத்திலிருந்து ஒருசேரப் பெறுவதற்கு வழி செய்வதே சாண எரிவாயுக் கலன்.

நம் நாட்டில் இது புதிய செய்தி அன்று. 1950-களில் ஜே. ஜே. படேல் என்பார் அமைத்த மிதக்கும் இரும்பு டிரம் கலனைக் காதி கிராமத் தொழில் ஆணையம் ஏற்று நாடெங்கும் பரப்பியது. டிரம்மின் செலவைக் குறைக்க, செங்கல் கூரை கொண்ட ஜனதா மாதிரி 1978-இலும், அதைவிடச் சிக்கனமான தீனபந்து மாதிரி 1984-இலும் வந்தன. இன்று ஃபைபர் கண்ணாடி இழையால் ஆன டிரம்களும் கிடைக்கின்றன. ஆக, கட்டும் முறையில் குறை ஏதும் இல்லை. ஆயினும் கட்டிய சில ஆண்டுகளுக்குள் பயன்படாமல் கிடக்கும் கலன்களை ஊர்ப்புறங்களில் காணலாம். 'முதலில் நன்றாக எரிந்தது, பிறகு வாயு குறைந்துவிட்டது' என்பதே அவற்றின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம். வாயு தானாகக் குறைவதில்லை. எங்கோ ஒரு கவனக்குறைவினால் குறைகிறது. அது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால், புதிதாக ஒரு மாடும் வாங்காமல், கலனைப் பெரிதாக்காமல், இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலான வாயுவைப் பெற முடியும்.

கலனுக்குள் நடப்பது என்ன?

காற்றுப் புகாத தொட்டியில் கரைத்த சாணத்தை நுண்ணுயிர்கள் செரிக்கின்றன. இந்த நுண்ணுயிர்கள் இரண்டு கூட்டமாக வேலை செய்கின்றன. முதல் கூட்டம் சாணத்தில் உள்ள நார்ப்பொருளையும் மாவுப்பொருளையும் உடைத்து அமிலங்களாக மாற்றும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலங்களை உண்டு மீத்தேன் வாயுவை உண்டாக்கும். வெளிவரும் வாயுவில் 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. எரிவது மீத்தேன் மட்டுமே. அமிலம் உண்டாக்கும் கூட்டம் விரைந்து பெருகும், எதையும் தாங்கும். மீத்தேன் உண்டாக்கும் கூட்டமோ மெதுவாகப் பெருகும். குளிர், புளிப்பு, மருந்து எதையும் தாங்காது. கலனில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் கூட்டத்தை நாம் வருத்துவதால் வருபவையே. இதை மனத்தில் கொண்டால் பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும்.

உங்கள் கலன் ஒழுங்காக வேலை செய்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ளக் கருவி ஏதும் வேண்டியதில்லை. 25 கிலோ பசுஞ்சாணத்திலிருந்து சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்க வேண்டும். நாள்தோறும் 50 கிலோ சாணம் இடுகிறீர்கள் என்றால் 2 கன மீட்டர் கிடைக்க வேண்டும். சாதாரணமாக விற்கப்படும் சாண எரிவாயு அடுப்பு ஒன்று மணிக்கு 0.45 கன மீட்டர் வாயுவை எடுக்கும். எனவே 2 கன மீட்டர் வாயுவில் அந்த அடுப்பு ஏறக்குறைய நாலரை மணி நேரம் முழுச் சுடருடன் எரிய வேண்டும். ஒரு வாரத்திற்கு, அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தையும் அணைக்கும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வாருங்கள். நாலு மணிக்கு மேல் எரிந்தால் கவலை இல்லை. இரண்டு மணி நேரமே எரிகிறது என்றால் பாதி வாயு உண்டாகாமலோ, உண்டாகி வீணாகியோ போகிறது.

எங்கே போகிறது என்பதையும் எளிதில் பிரித்தறியலாம். மிதக்கும் டிரம் உள்ள கலனில் இரவு அடுப்பை அணைத்தபின் டிரம்மில் கரைசல் மட்டத்தை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். காலையில் டிரம் கோட்டுக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். தீனபந்து போன்ற நிலையான கூரைக் கலனில், வாயு சேரச் சேர வெளியேற்றும் தொட்டியில் கரைசல் மட்டம் ஏறும். இரவில் யாரும் வாயுவை எடுக்காத நிலையில் டிரம்மோ மட்டமோ இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் உள்ளே வாயு உண்டாவது குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். சிறு கசிவும் சேர்ந்திருக்கக் கூடுமாதலால் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர்தான் முதல் காரணம்

வாயு குறைவதற்கு எல்லோரும் சாணத்தைக் குறை சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் தண்ணீரில்தான் இருக்கிறது. பசுஞ்சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கனவே நீர். அதனுடன் சம அளவு தண்ணீர் சேர்த்தால் கரைசலில் கெட்டிப்பொருள் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு இருக்கும். நுண்ணுயிர்களுக்கு ஏற்ற பதம் இதுவே. ஒரு வாளி சாணத்திற்கு அதே வாளியில் ஒரு வாளி தண்ணீர் என்பதே கணக்கு. கரைசல் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். பசும்புல் அதிகம் தின்னும் மாடுகளின் சாணம் இளகி இருக்கும். அதற்குத் தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்த சாணத்திற்குக் கொஞ்சம் கூட்டலாம்.

தொழுவத்தைக் குழாய் வைத்துக் கழுவி, அந்தக் கழுவுநீர் முழுவதையும் வாய்க்கால் வழியே கலனுக்குள் விடும் வழக்கம் இப்போது பல பண்ணைகளில் வந்துவிட்டது. வேலை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அதில் என்ன இழப்பு என்று பாருங்கள். 2 கன மீட்டர் கலனில் செரிக்கும் தொட்டி சுமார் 4,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ சாணமும் 50 லிட்டர் தண்ணீரும் இட்டால் நாளைக்கு 100 லிட்டர் உள்ளே போகும். அப்படியானால் இன்று போட்ட சாணம் 40 நாள் உள்ளே தங்கிச் செரித்து வெளியே வரும். தமிழ்நாடு போன்ற வெப்பமான பகுதிகளுக்கு 30 முதல் 40 நாள் போதும். அதே 50 கிலோ சாணத்துடன் 150 லிட்டர் கழுவுநீர் போனால் நாளைக்கு 200 லிட்டர் ஆகிறது. சாணம் 20 நாளிலேயே வெளியே தள்ளப்பட்டுவிடும். அரைகுறையாகச் செரித்த சாணம் வாயுவைத் தன்னுள் வைத்துக்கொண்டே வெளியேறுகிறது. மெதுவாகப் பெருகும் மீத்தேன் நுண்ணுயிர்களும் பெருகுவதற்குள் வெளியேறிவிடுகின்றன. வெளியேற்றும் தொட்டியில் வரும் கரைசலில் சாண நாற்றம் அடித்து, ஈ மொய்த்து, குமிழிகள் பொங்கிக்கொண்டிருந்தால் இதுதான் காரணம். நன்கு செரித்த கரைசலில் நாற்றம் இராது.

ஆகவே முதலில் சாணத்தை அள்ளிவிட்டுப் பிறகு தொழுவத்தைக் கழுவுங்கள். கழுவுநீரைத் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ திருப்பிவிடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடங்களில், கரைப்பதற்குச் சேர்க்கும் நீரில் ஒரு பகுதிக்கு, வெளியேற்றும் தொட்டியில் மேலாகத் தெளிந்து நிற்கும் நீரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் இருப்பதால் நன்மையே. மாட்டுக் கோமியமும் சிறிதளவு சேர்க்கலாம். அளவுக்கு மீறினால் அதில் உள்ள தழைச்சத்து அம்மோனியாவாக மாறி நுண்ணுயிர்களை அடக்கிவிடும்.

மண்ணும் கூளமும்

தண்ணீருக்கு அடுத்த எதிரி மண். மண்தரைத் தொழுவத்தில் சாணத்தை வாரும்போது மணலும் மண்ணும் சேர்ந்து வரும். நாளைக்கு ஒரு கிலோ மண் போனால் ஆண்டுக்கு 365 கிலோ ஆகும். அது அடியில் படிந்து 200 லிட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். 4,000 லிட்டர் தொட்டியில் ஐந்து ஆண்டுகளில் கால் பங்குக்கு மேல் மண்ணே நிறைந்திருக்கும். கலன் பழசாகிவிட்டது என்று நாம் சொல்வதன் பொருள் பல நேரங்களில் இதுதான். கலவைத் தொட்டியில் சாணத்தைக் கரைத்ததும் அடைப்பை உடனே திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டு வையுங்கள். மணல் அடியில் தங்கும். தொட்டியின் அடித்தளம், கரைசல் போகும் துவாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சற்றுச் சரிந்திருந்தால் தங்கிய மணலை வாரி எறிவது எளிது. தொழுவத்துக்கு ஒரு சிமெண்டுத் தளம் போட முடிந்தால் அதைவிட நல்ல முதலீடு வேறில்லை. சாணமும் வீணாகாது, மாட்டின் மடியும் சுத்தமாக இருக்கும்.

மண் அடியில் தங்குவது போல வைக்கோல், தட்டை, கூளம் ஆகியவை மேலே மிதந்து ஆடையாகப் படியும். நாளடைவில் இது தடித்து உலர்ந்து, வாயு மேலெழும்ப விடாமல் மூடிக்கொள்ளும். கரைக்கும்போதே கூளத்தைக் கையால் அரித்தெடுத்து எருக்குழியில் போட்டுவிடுவதே சிறந்தது. மிதக்கும் டிரம் கலனில் டிரம்மைக் காலையும் மாலையும் சில சுற்றுகள் இப்புறமும் அப்புறமும் திருப்பிவிட வேண்டும். நிலையான கூரைக் கலனில் நுழைவுக் குழாய் வழியாகவும் வெளியேற்றும் தொட்டி வழியாகவும் மூங்கில் கழியை விட்டு வாரத்திற்கு இரண்டு மூன்று முறை கலக்கிவிடுங்கள்.

வேறு எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

சாணத்தோடு சமையலறைக் கழிவு, அழுகிய பழம், காய்கறிக் கழிவு, கோழி எரு ஆகியவற்றையும் சேர்க்கலாம். எடைக்கு எடை பார்த்தால் இவை சாணத்தைவிட அதிக வாயு தரும். ஆனால் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. சோறு, கஞ்சி, மரவள்ளித் திப்பி போன்ற மாவுப்பொருட்களை நுண்ணுயிர்களின் முதல் கூட்டம் மிக விரைவில் அமிலமாக்கிவிடும். இரண்டாம் கூட்டத்தால் அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்க முடியாது. கரைசல் புளித்துவிடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரே நாளில் கலனில் கொட்டிவிட்டு, பிறகு மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை என்பது நடக்கக்கூடியதே. மாவுப்பொருட்களைச் சாணத்தோடு கலந்து, சிறிது சிறிதாக, ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் பழக்கப்படுத்த வேண்டும். சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுக்கிறார்கள். அவர்களால் முடிவதற்குக் காரணம், அந்தக் கழிவுக்கென்றே பழக்கிய நுண்ணுயிர்களை வைத்துக் கொண்டு, புளிப்பை அளந்து பார்த்து நடத்துவதே.

கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 20 முதல் 30 பங்கு கரிச்சத்து இருப்பது ஏற்றது. சாணத்தில் இது இயல்பாகவே சுமார் 25 இருக்கும். கோழி எருவில் 10 அளவுதான். அதனால் கோழி எருவைச் சாணத்தோடு சிறு பங்காகக் கலந்தே இட வேண்டும். மாறாக, வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு; அத்துடன் அது மிதக்கும். அது மாட்டின் வயிற்றுக்குள் போய் வரட்டும்.

கலன் புளித்துவிட்டதை எப்படி அறிவது? வாயு வரும், ஆனால் பற்றாது, பற்றினாலும் அணைந்துவிடும். வெளிவரும் கரைசலில் புளித்த வாடை வீசும். அமில-காரத் தாளை நனைத்துப் பார்த்தால் 6.8-க்குக் கீழே காட்டும். 6.8-க்கும் 7.5-க்கும் இடையில் இருப்பதே நல்லது. புளித்துவிட்டால் உடனே புதுச் சாணம் இடுவதை நிறுத்துங்கள். பலர் செய்யும் தவறு, வாயு வரவில்லை என்று இன்னும் அதிகமாகச் சாணம் இடுவது. அது நோயாளிக்கு விருந்து வைப்பது போன்றது. சில நாள் விட்டுவிட்டு, அருகில் நன்றாக வேலை செய்யும் கலனிலிருந்து பத்துப் பதினைந்து வாளி கரைசல் கொண்டுவந்து சேருங்கள். புளிப்பு கடுமையாக இருந்தால் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். பிறகு வழக்கமான அளவில் பாதியளவு சாணத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

சோப்பு நீர், பினாயில், பூச்சிக்கொல்லி, மயில்துத்தம் கலந்த நீர் ஆகிய எதுவும் கலனுக்குள் போகக்கூடாது. மாட்டுக்கு நோய்க்காக உயிர்எதிரி மருந்து ஊசி போட்டிருந்தால், மருத்துவம் முடிந்து சில நாள் வரையிலாவது அந்த மாட்டின் சாணத்தை எருக்குழிக்கே அனுப்பிவிடுங்கள்.

மார்கழிக் குளிரில் வாயு குறைந்தால்

இந்த நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் மிகவும் பிடிக்கும். 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேலை மந்தமாகும். சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் ஓரளவு குறைவது இயல்பு. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இன்னும் அதிகமாகக் குறையும். குளிர் நாட்களில் விடியற்காலையில் கிணற்று நீரில் கரைத்து ஊற்றாமல், வெயிலில் வைத்த தண்ணீரைக் கொண்டு நண்பகலில் கரைத்து விடுங்கள். கலனைச் சுற்றி எருக்குழி அமைத்தால் மட்கும் எருவின் சூடு தொட்டிக்குக் கிடைக்கும். நிலையான கூரையின் மேல் வைக்கோல் பரப்புவதும் பயன் தரும். புதிதாகக் கட்டுபவர்கள் வெயில் நன்கு படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரநிழலில் கட்டினால் குளிர்ச்சி ஒருபுறம், வேர் போய்ச் சுவரைப் பிளப்பது மறுபுறம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியும், சமையலறைக்கு அருகிலும் இருப்பது நலம்.

உண்டான வாயு வழியில் வீணாகாதிருக்க

கசிவு பார்க்கத் தீக்குச்சி கொளுத்தவே கூடாது. சோப்பு நுரையை டிரம்மின் மேற்புறம், வால்வு, குழாய் இணைப்பு, அடுப்பின் ரப்பர் குழாய் ஆகியவற்றில் தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். பெரும்பாலும் வால்விலும், வெயிலில் வெடித்த ரப்பர் குழாயிலும்தான் கசிவைக் காண்பீர்கள். இரும்பு டிரம்முக்கு ஆண்டுதோறும் துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். வாயுவில் சிறிதளவு கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை அரிக்கும் தன்மையுடையது.

வாயுவோடு நீராவியும் வரும். அது குழாயில் குளிர்ந்து நீராகி, தாழ்ந்த இடத்தில் தேங்கி, வாயுவை மறிக்கும். சுடர் எழுந்தும் அடங்கியும் துடித்தால் குழாயில் நீர் நிற்கிறது என்று அறிக. குழாய் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிவாக அமைந்து, தாழ்ந்த முனையில் நீர் வடிக்கும் திருகு இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து வடித்துவிடுங்கள்.

அடுப்பைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் கேட்பதே முறை. அவர்கள்தான் அதை நாள்தோறும் பார்க்கிறவர்கள். சிலிண்டர் வாயுவுக்கான அடுப்பைச் சாண எரிவாயுவுக்கு அப்படியே வைப்பது தவறு. அதன் துவாரம் சிறியது. காற்றுக் கலப்பும் வேறு. சாண எரிவாயுவுக்கென்று தர முத்திரையுடன் வரும் அடுப்பு, வாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 55 பங்காவது பாத்திரத்துக்குத் தரும். சுடர் நீல நிறமாக, மெல்லிய இரைச்சலுடன் எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. காற்றுத் துவாரத்தைச் சற்றுத் திறவுங்கள். சுடர் அடுப்பை விட்டு எம்பினால் காற்றையோ அழுத்தத்தையோ குறைக்க வேண்டும். பொங்கி வழிந்த கஞ்சி அடைத்த துளைகளை ஊசியால் சுத்தம் செய்யுங்கள்.

செரித்த சாணம் கழிவு அன்று

கலன் வைத்திருப்பவர்கள் வாயுவைக் கவனிக்கும் அளவுக்கு வெளிவரும் கரைசலைக் கவனிப்பதில்லை. அது வேலியோரம் வழிந்து ஓடுகிறது, அல்லது குட்டையாகத் தேங்கிக் காய்கிறது. இது பெரிய இழப்பு. 50 கிலோ சாணத்தில் உள்ள 10 கிலோ கெட்டிப்பொருளில் கால் பங்குக்குச் சற்று மேல் வாயுவாக மாறும். மீதி 7 கிலோ கரைசலில் வெளிவரும். ஆண்டுக்கு இது இரண்டரை டன் உலர் எரு. இதில் தழைச்சத்து நூற்றுக்கு 1.5, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஒவ்வொன்றும் 1 என்று குறைத்தே கணக்கிட்டாலும் சுமார் 37 கிலோ தழைச்சத்து, 25 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து கிடைக்கிறது. கடைச் சரக்காகச் சொன்னால் 80 கிலோ யூரியா, மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட், 40 கிலோவுக்கு மேல் பொட்டாஷ்.

இவை எல்லாம் கலன் படைத்தவை என்று எண்ண வேண்டாம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சாணத்தில் முன்பே இருந்தவை. கலன் செய்யும் உதவி, திறந்த குப்பையில் வெயிலிலும் மழையிலும் பறிபோகும் தழைச்சத்தைக் காத்துக் கொடுப்பது. கரைசலில் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியா வடிவில் இருக்கிறது. பயிர் அதை உடனே எடுத்துக்கொள்ளும். ஆனால் வெயிலில் காய வைத்தால் அதுவே காற்றில் பறந்துவிடும். கலன் காத்துக் கொடுத்ததைக் களத்தில் காய வைத்து இழப்பது நியாயமா?

ஆகவே ஈரக் கரைசலாகவே பயன்படுத்துவது முதல் தரம். பாசன வாய்க்காலில் கலந்து விடலாம். கலன் மேட்டில் இருந்தால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்கே பாய விடலாம். வயல் தொலைவில் இருந்தால், கலனை ஒட்டி இரண்டு மூன்று குழிகள் வெட்டி, காய்ந்த இலை, கரும்புச் சோகை, தொழுவக் கூளம் ஆகியவற்றை அடுக்கி அதன்மேல் நாள்தோறும் கரைசலை ஊற்றி வாருங்கள். கூளம் ஈரத்தையும் அம்மோனியாவையும் உறிஞ்சிக்கொள்ளும், தானும் மட்கும். எருவின் அளவும் பெருகும். குழியின் மேல் ஒரு கீற்றுப் பந்தல் இருக்கட்டும். உலர் எருவாகக் கணக்கிட்டால் இறவைப் பயிருக்கு எக்டருக்கு 10 டன், மானாவாரிக்கு 5 டன் இடலாம். உங்கள் இரண்டரை டன் ஏறக்குறைய 60 சென்ட் இறவை நிலத்துக்குப் போதும். செரித்த எருவில் களை விதைகள் பெரும்பாலும் முளைப்புத் திறனை இழந்திருப்பதால் களைவெட்டும் செலவும் குறையும்.

எந்த அளவுக் கலன் லாபம் தரும்?

பெரிய கலன் அதிக லாபம் என்பது சரியல்ல. சமையலுக்கு ஆள் ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 0.24 கன மீட்டர் வாயு வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 1.2 கன மீட்டர் போதும். இதற்கு 30 கிலோ சாணம், அதாவது தொழுவத்திலேயே கட்டித் தீவனம் போடும் மூன்று மாடுகள் போதும். பகலில் மேய்ச்சலுக்குப் போகும் மாடு என்றால் இரவுச் சாணம் மட்டுமே கைக்கு வரும். அதைப் பாதியாகக் கணக்கிடுங்கள். மாட்டின் எண்ணிக்கையைச் சொல்லிக் கலன் கட்டாமல், ஒரு வாரம் சாணத்தை நிறுத்துப் பார்த்துக் கட்டுவது நலம். 50 கிலோ சாணம் இருக்கிறதே என்று 2 கன மீட்டர் கலன் கட்டினால், ஐந்து பேர் வீட்டில் மீதி 0.8 கன மீட்டர் வாயு நாள்தோறும் குமிழியிட்டு வெளியேறும். மாட்டுத் தீவனம் வேகவைக்கவோ, வெந்நீர் போடவோ, பால் காய்ச்சவோ அது பயன்படும் என்றால் மட்டும் பெரியதைக் கட்டுங்கள்.

1 கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்கு ஈடு. நாளைக்கு 1.2 கன மீட்டர் என்றால் மாதத்துக்குப் 15 கிலோவுக்கு மேல், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சற்று அதிகம். சிலிண்டர் விலை அடிக்கடி மாறுவதால் அன்றைய விலையை நீங்களே போட்டு, ஆண்டுச் சேமிப்பைக் கணக்கிடுங்கள். அதிலிருந்து கடன் வட்டி, வண்ணப் பூச்சு, பழுதுச் செலவு, நாள்தோறும் அரைமணி நேரக் கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சம் நிற்பதே உங்கள் லாபம். மூன்று மாடு இல்லாதவர்கள், கோடையில் மாட்டை விற்றுவிடுபவர்கள், குடிக்கவே தண்ணீர் தேடுபவர்கள் கலன் கட்டாமல் இருப்பதே நல்லது.

பால் பண்ணை வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். டீசல் எஞ்சினில் காற்றோடு இந்த வாயுவைக் கலந்து விட்டால் டீசலில் 70 முதல் 80 விழுக்காடு மிச்சமாகும். டீசல் இல்லாமலே அது ஓடாது. குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 0.45 கன மீட்டர் என்று கொண்டால் 5 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மணிக்கு 2.25 கன மீட்டர் வாயு வேண்டும். அதாவது 55 கிலோவுக்கு மேற்பட்ட சாணத்தின் ஒரு நாள் வாயு ஒரு மணி நேரத்தில் தீரும். வாயுவை இரும்புத் தூள் நிரப்பிய வடிகட்டி வழியே செலுத்தி ஹைட்ரஜன் சல்பைடை நீக்காவிட்டால் எஞ்சின் அரிக்கும். இலவச மின்சாரம் உள்ள கிணற்றுக்கு இது தேவையே இல்லை. டீசல் வாங்கித் தீவனம் நறுக்குபவர்களும், இருபது முப்பது மாடு உள்ளவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

மத்திய அரசு 1981-82-இல் தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2025-26 வரை எனக் காலம் குறிக்கப்பட்ட தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்திலும் சிறு கலன்களுக்கு மானியம் இடம்பெற்றது. மானியத்தின் அளவும் விதிகளும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்து, ஒப்புதல் பெற்ற பிறகே செங்கல் இறக்குங்கள்.

கலனைச் சுத்தம் செய்யும்போது

மண் நிறைந்த கலனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய நேரிடும். இதில் உயிர் ஆபத்து உண்டு. காலியான தொட்டியில் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கி நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராது. இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து இறப்பது இவ்வாறுதான். கூடுமானவரை ஆள் இறங்காமல், சேறு இறைக்கும் பம்பினாலும் நீண்ட கைப்பிடி உள்ள வாரியினாலும் வெளியிலிருந்தே வாருங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ளவர்களைக் கொண்டே செய்ய வேண்டும். கோழியையோ விளக்கையோ இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். விளக்கு வெடிக்கவும் வைக்கும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் பின்னால் யாரும் குதிக்கக்கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112 எண்ணில் உடனே சொல்லுங்கள்.

சுத்தம் செய்த கலனை மீண்டும் நிரப்பும்போது, வாரி எடுத்த செரித்த கரைசலில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்து புதுச் சாணக் கரைசலோடு சேர்த்து நிரப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வாயு சேரும். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயுவும் உள்ளே அடைபட்ட காற்றும்தான். மீத்தேனோடு காற்று கலந்திருந்தால் வெடிக்கும். ஆகவே முதல் இரண்டு முறை சேர்ந்த வாயுவை அருகில் நெருப்பு இல்லாமல் வெளியே விட்டுவிட்டு, மூன்றாம் முறை அடுப்படியில் பற்றவைத்துப் பாருங்கள். டிரம்மின் வால்வில் பற்றவைக்க வேண்டாம். சுடர் நீலமாக நின்று எரிந்த பிறகு நாள்தோறும் சாணம் இடத் தொடங்கலாம்.